ஆறாம் தளத்து அலமாரி
ஆலிஸ் ஈஸ்ட்வுட் அம்மையாரின் தாவரத் தொகுப்புப் பணி

பூவைப் பாடுவது கவிஞர் தொழில். அப்பூவுக்கு வழங்கும் பெயர் எந்தச் செடியைக் கண்டு இடப்பட்டது என்பதற்குரிய சான்றைப் பேணி வைப்பது தாவரவியலார் தொழில். முன்னதை உலகம் அறியும். பின்னதை அறிந்தோர் மிகச் சிலரே. மூடிய அறைகளில், அலமாரிகளின் நடுவே, பழுப்பேறிய தாள்களைப் புரட்டிக்கொண்டு வாழ்நாளைக் கழிக்கும் தொகுப்புக் காப்பாளரின் பணி புகழ் தேடித் தரும் பணியன்று. அவர் செய்த வேலையின் பயனை உணர ஒரு தலைமுறையோ, சிலபோது ஒரு பேரழிவோ தேவைப்படுகிறது.

அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ நகரில் கலிபோர்னியா அறிவியல் கழகத்தின் தாவரத் தொகுப்பை ஏறத்தாழ அறுபதாண்டுக் காலம் பேணி வளர்த்த ஆலிஸ் ஈஸ்ட்வுட் (1859-1953) அம்மையாரின் வரலாறு இவ்வுண்மையைத் தெளிவாகக் காட்டுவது. 1906ஆம் ஆண்டு நிலநடுக்கத்தின்போது இடிந்த கட்டடத்தில் ஏறித் தாவரங்களை மீட்ட வீரச்செயலுக்காகவே அவர் பெரிதும் நினைக்கப்படுகிறார். அது போற்றத்தக்கதே. ஆயினும் அன்று காலை அவர் செய்ததைவிட, அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்னரே அமைதியாகச் செய்து வைத்திருந்த ஒரு செயலே பெரிது என்பதை இக்கட்டுரை எடுத்துக்காட்ட முற்படுகிறது.

உலர்தாவரத் தொகுப்பு

செடியைப் பூவோடும் காயோடும், இயலுமாயின் வேரோடும் எடுத்து, தாள்களுக்கிடையே பரப்பி, மரச்சட்டங்களுக்கு நடுவே வைத்து அழுத்தி உலர்த்துவர். ஈரத் தாள்களை நாள்தோறும் மாற்றுதல் வேண்டும். தவறினால் பூஞ்சை படரும். நன்கு உலர்ந்தபின் கெட்டியான வெள்ளைத் தாளில் ஒட்டி, கீழ்மூலையில் ஒரு குறிப்புச் சீட்டு இணைப்பர். செடியின் பெயர், எடுத்த இடம், நாள், எடுத்தவர் பெயர், அவரது வரிசை எண் ஆகியன அதில் இடம்பெறும். இவ்வாறு ஒட்டிய தாள்களைக் குடும்பம், பேரினம், சிற்றினம் என்னும் முறையில் அடுக்கி வைக்கும் இடமே உலர்தாவரகம். இத்தாலியில் பைசா நகரத்து லூக்கா கினி பதினாறாம் நூற்றாண்டில் கையாண்டு மாணவர்க்குக் கற்பித்த முறை, பெரிய மாற்றமின்றி இன்றும் வழக்கில் உள்ளது.

இத்தாள்களுள் சில மற்றவற்றினும் சிறப்புடையன. ஒரு தாவரவியலார் புதிய சிற்றினம் ஒன்றைக் கண்டு பெயரிட்டு விளக்கம் எழுதும்போது எந்தச் செடியை முன்வைத்து எழுதினாரோ, அந்தச் செடி ஒட்டிய தாள் 'வகைமாதிரி' எனப்படும். அப்பெயர் என்றென்றும் அத்தாளோடு பிணைக்கப்பட்டது. பின்னாளில் ஐயம் எழுந்தால், நூலிலுள்ள விளக்கத்தை மட்டும் படித்து முடிவு செய்ய இயலாது. அத்தாளையே எடுத்துப் பார்த்தல் வேண்டும். ஏடு பார்த்துப் பாடம் காணும் தமிழறிஞர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. படிகள் நூறு இருப்பினும் ஆசிரியர் கைப்பட எழுதிய மூல ஏடு ஒன்று கிடைக்குமாயின் பாடவேறுபாட்டுச் சிக்கல்கள் பல தீர்ந்துவிடும். தாவரவியலில் அம்மூல ஏட்டின் நிலையில் இருப்பது வகைமாதிரி. அது அழிந்தால் செடி அழிவதில்லை. ஆனால் பெயர் பற்றுக்கோடின்றி நிற்கும்.

இளமையும் கல்வியும்

ஆலிஸ் ஈஸ்ட்வுட் 1859ஆம் ஆண்டு ஜனவரி 19ஆம் நாள் கனடா நாட்டு டொராண்டோ நகரில் பிறந்தார். ஆறாம் வயதில் தாயை இழந்தார். உறவினர் இல்லத்திலும் கன்னிமாடத்திலும் வளர்ந்த அக்காலத்தில், மருத்துவரும் தோட்டக்கலை ஆர்வலருமாகிய சிற்றப்பன் முறையினர் ஒருவர் செடிகளின் இலத்தீனப் பெயர்களைச் சொல்லித் தந்தார். 1873இல் தந்தையார் குடியேறியிருந்த கொலராடோ மாநிலத்து டென்வர் நகருக்குச் சென்றார். குடும்பத்தில் வளமில்லை. கால்நடைப் பண்ணையார் ஒருவர் இல்லத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை செய்தார். அவ்வீட்டு நூலகமும் அக்குடும்பத்தோடு சென்ற மலைப் பயணங்களும் அவருக்குக் கல்வியாயின. வேலைக்கிடையே படித்து, 1879இல் உயர்நிலைப் பள்ளியில் முதல் மாணவியாகத் தேறினார். அவர் பெற்ற முறையான கல்வி அவ்வளவே. பல்கலைக்கழகப் படியை அவர் மிதித்ததில்லை.

அப்பள்ளியிலேயே பத்தாண்டுகள் ஆசிரியராகப் பணியாற்றினார். கோடை விடுமுறைகள் யாவும் ராக்கி மலைத்தொடரில் கழிந்தன. அசா கிரேயின் தாவர நூலையும் கொலராடோத் தாவரங்கள் பற்றிய நூலையும் துணையாகக் கொண்டு, செடிகளைத் தாமே பறித்து, உலர்த்தி, பெயர் கண்டு பழகினார். அக்காலப் பெண்களின் நீள்பாவாடை மலையேற்றத்துக்கு உதவாது எனக் கண்டு, நடைக்கும் குதிரைச் சவாரிக்கும் ஏற்ற உடையைத் தாமே வகுத்துக்கொண்டார். 1887இல் இயற்கைத் தேர்வுக் கொள்கையை டார்வினோடு பகிர்ந்துகொண்ட ஆல்ஃபிரட் ரசல் வாலஸ் டென்வருக்கு வந்தபோது, பதினாலாயிரம் அடிக்கு மேற்பட்ட உயரமுடைய கிரேஸ் சிகரத்துக்கு அவரை அழைத்துச் சென்றவர் இப்பள்ளி ஆசிரியையே. சிறுகச் சேமித்த பணத்தை நிலத்திலும் வீட்டிலும் முதலீடு செய்து, அதன் சிறு வருவாயை நம்பிப் பின்னர் ஆசிரியப் பணியை விட்டார். செடிகளுக்காகவே வாழ்வது என்ற முடிவு, ஊதியம் தருவோர் எவரும் இல்லாத நிலையில் எடுக்கப்பட்டது என்பது கருதத்தக்கது.

கழகத்தில் பொறுப்பு

கலிபோர்னியா அறிவியல் கழகம் 1853இல் தோன்றியது. தொடங்கிய ஆண்டிலேயே அறிவியலின் எல்லாத் துறைகளிலும் மகளிரின் ஒத்துழைப்பை வரவேற்றுத் தீர்மானம் இயற்றியது. அக்கழகத்தின் தாவரவியல் காப்பாளராக அப்போது இருந்தவர், மருத்துவப் பட்டம் பெற்றுத் தாவரவியலுக்கு வந்த காதரின் பிராண்டிகீ என்னும் அம்மையார். அவரும் அவர் கணவர் டௌன்ஷெண்டும் நடத்திய இதழுக்கு ஈஸ்ட்வுட் கட்டுரைகள் எழுதினார். அவர்தம் திறமையைக் கண்ட காதரின், தம் ஊதியத்தையே விட்டுக்கொடுத்து அவரைக் கழகத்துக்கு வரவழைத்தார். 1892இல் இணைக் காப்பாளராகச் சேர்ந்த ஈஸ்ட்வுட், பிராண்டிகீ இணையர் 1894இல் விலகிச் சென்றதும் துறையின் முழுப் பொறுப்பையும் ஏற்றார். ஒரு பெண் மற்றொரு பெண்ணுக்காகத் தன் ஊதியத்தைத் துறந்த அச்செயல், பின்னால் விளைந்தவற்றுக்கெல்லாம் வித்து எனலாம்.

காப்பாளர் பணி இருமுகம் கொண்டது. ஒன்று காட்டுக்குச் செல்லுதல். மற்றொன்று அறையில் அமர்தல். குதிரையும் நடையுமாகக் கலிபோர்னியாவின் மலைகளில் ஈஸ்ட்வுட் திரிந்தார். திரும்பியதும் ஒட்டுதல், பெயர் காணுதல், அடுக்குதல், பூச்சி அரிக்காமல் காத்தல், பிற தாவரகங்களுக்கு இரட்டைப் படிகளை அனுப்பி ஈடாக அவர்கள் செடிகளைப் பெறுதல் ஆகிய பணிகள் காத்திருந்தன. 1905இல் கலிபோர்னியா மரங்களைப் பற்றிய கைந்நூல் ஒன்றையும் வெளியிட்டார்.

தனி அலமாரி

அக்காலத் தாவரகங்களில் வகைமாதிரித் தாள்களைப் பிற தாள்களோடு கலந்தே அடுக்குவது வழக்கம். ஒரு சிற்றினத்துக்குரிய உறையைத் திறந்தால் அதிலுள்ள இருபது தாள்களுள் ஒன்று வகைமாதிரியாக இருக்கும். ஆய்வாளர் எல்லாவற்றையும் ஒருசேரக் காண்பதற்கு இது வசதி என்பதே அவர்கள் கூறிய காரணம். காரணத்தில் குற்றமில்லை.

ஈஸ்ட்வுட் இவ்வழக்கிலிருந்து விலகினார். வகைமாதிரிகளைப் பொதுத் தொகுப்பிலிருந்து பிரித்து, ஒரே இடத்தில் தனியே வைத்தார். இது ஒரு நாளில் முடியும் செயலன்று. எந்தத் தாள் வகைமாதிரி என்பதை அறிய, அச்சிற்றினம் முதன்முதலில் விளக்கப்பட்ட நூலைத் தேடிப் பிடித்து, அதிற் கூறிய இடமும் நாளும் எடுத்தவர் பெயரும் தாளின் சீட்டோடு பொருந்துகின்றனவா என ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும். ஒவ்வொரு தாளுக்கும் இவ்வாய்வு தேவை. இதற்கு விதி எதுவும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை. பெயர்கள் வகைமாதிரியைச் சார்ந்தே நிற்கும் என்னும் கோட்பாட்டை 1930இல் கேம்பிரிட்ஜில் கூடிய அனைத்துலகத் தாவரவியல் பேரவையே உலகப் பொதுவிதியாக ஏற்றது. அதற்குக் கால் நூற்றாண்டுக்கு முன்னரே, எது இன்றியமையாதது, எது மீண்டும் கிடைக்கக்கூடியது என்னும் வேறுபாட்டை அவர் தம் அலமாரியில் நிலைநாட்டி வைத்திருந்தார்.

1906 ஏப்ரல் 18

அன்று விடியற்காலை 5 மணி 12 நிமிடத்தில் சான்பிரான்சிஸ்கோ நகரம் குலுங்கியது. நிலநடுக்கத்தினும் கொடியது அதனைத் தொடர்ந்த தீ. நிலத்தடி நீர்க்குழாய்கள் உடைந்துபோனமையால் அணைக்க நீரில்லை. நான்கு நாட்கள் எரிந்த தீயில் ஏறத்தாழ 28,000 கட்டடங்கள் அழிந்தன. மூவாயிரம் பேர் மாண்டனர் என்பது பிற்கால ஆய்வாளர் கணிப்பு. நான்கு இலட்சம் மக்களுள் பாதிக்கு மேற்பட்டோர் வீடிழந்தனர்.

கழகத்தின் கட்டடம் மார்க்கெட் தெருவில் இருந்தது. தாவரகம் ஆறாம் தளத்தில். ஈஸ்ட்வுட் அங்கு வந்து சேர்ந்தபோது சலவைக்கல் படிக்கட்டு சிதைந்து கிடந்தது; அடுத்த கட்டடத்தைத் தீ நெருங்கிக்கொண்டிருந்தது. அவருக்கு வயது நாற்பத்தேழு. ராபர்ட் போர்ட்டர் என்னும் நண்பர் உடன் வந்தார். படிக்கட்டின் இரும்புக் கைப்பிடிக் கம்பிகள் மட்டும் சுவரோடு நின்றன. அக்கம்பிகளைப் பற்றிக்கொண்டு, அவற்றின் இடைவெளிகளில் காலை ஊன்றி, இருவரும் மேலே ஏறினர்.

ஆறாம் தளத்தை அடைந்ததும் செய்ய வேண்டுவது என்ன என்னும் வினாவே எழவில்லை. விடை அலமாரியில் ஆயத்தமாக இருந்தது. வகைமாதிரிகள் அங்குமிங்குமாகப் பொதுத் தொகுப்பில் கலந்திருந்தால் ஒவ்வோர் உறையாகத் திறந்து தேடியிருக்க வேண்டும். தீ அதற்கு நேரம் தந்திராது. தனியே இருந்தமையால் தாள்களை வாரிக் கட்டுகளாகக் கட்டி, கயிற்றில் பிணைத்துக் கீழ்த்தளத்துக்கு இறக்க முடிந்தது. இவ்வாறு மீட்கப்பட்டவை 1,497 என்பர். வண்டியொன்றில் ஏற்றித் தம் இல்லத்துக்குக் கொண்டுசென்றார். தீ அங்கும் வரவே, மீண்டும் பெயர்த்துத் தீ எட்டாத பகுதியில் சேர்த்தார்.

மீட்கப்பட்டது சிறு பகுதியே. அரை நூற்றாண்டாகப் பலர் திரட்டிய பொதுத் தொகுப்பு, தாவர நூல்கள், அவர் தாமே மலை மலையாகத் திரிந்து சேர்த்தவை யாவும் எரிந்து சாம்பலாயின. அவர் குடியிருந்த வீடும் உடைமைகளும் தீக்கிரையாயின. தமக்கென்று அவர் எடுத்துக்கொண்டது ஒரேயொரு பொருள். செடியின் நுண்ணுறுப்புகளைக் காண உதவும் உருப்பெருக்கிக் கண்ணாடி. அஃதின்றித் தாம் செயலற்றுப் போயிருப்பார் எனப் பின்னர்க் கூறினார்.

நிகழ்ச்சி நடந்த சில வாரங்களில் அறிவியல் இதழொன்றில் வெளிவந்த அவருடைய கடிதம் அவர்தம் உள்ளத்தைக் காட்டுவது. அழிவு கழகத்துக்கும் அறிவுலகுக்கும் நேர்ந்த பேரிழப்பு என வருந்திய அவர், தம் சொந்த உழைப்பு அழிந்ததற்காகப் புலம்பவில்லை. அதனைச் செய்துகொண்டிருந்தபோது அது தமக்கு மகிழ்ச்சி தந்தது, மீண்டும் தொடங்குவதிலும் அம்மகிழ்ச்சி கிட்டும் என்னும் கருத்தை அதில் எழுதினார். துறவியரின் பற்றின்மையாக இதனைக் கொள்ளுதல் பொருந்தாது. வேலையின்பால் கொண்ட பெரும்பற்றே அவரை அவ்வாறு எழுதச் செய்தது.

இடமில்லா ஆறாண்டுகள்

நிலநடுக்கத்துக்குப் பின் கழகத்துக்குக் கட்டடமில்லை, காப்பாளருக்குத் தொகுப்பில்லை. கழகம் 1905ஆம் ஆண்டு காலபாகஸ் தீவுகளுக்கு அனுப்பியிருந்த ஆய்வுக் கப்பல் 1906 நவம்பரில் திரும்பியது. நகரம் எரிந்த காலத்தில் கடலில் இருந்தமையால் அதிலிருந்த உயிரினத் தொகுப்பு தப்பியது. மீண்டெழுந்த கழகத்துக்கு அதுவும் அடித்தளமாயிற்று.

அவ்விடைக்காலத்தில் ஈஸ்ட்வுட் பெரிய தாவரகங்களை நாடிச் சென்றார். ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக் கிரே தாவரகம், நியூயார்க் தாவரத் தோட்டம், இலண்டனில் பிரித்தானிய அருங்காட்சியகம், கியூ தோட்டம் ஆகியவற்றில் அமர்ந்து, மேற்குக் கரையின் செடிகளை முதன்முதலில் கண்டோர் விட்டுச் சென்ற தாள்களைப் படித்தார். கலிபோர்னியாவின் தொன்மையான வகைமாதிரிகள் பல அந்நகரங்களில்தாம் இருந்தன. தம் அலமாரியில் இருந்தவற்றின் அருமையை, இல்லாதவற்றைத் தேடி அலைந்த அந்த ஆண்டுகள் மேலும் உணர்த்தியிருக்க வேண்டும்.

மீண்டும் தொகுத்தல்

1912இல் கழகம் அவரை மீண்டும் காப்பாளராக அழைத்தது. அப்போது அவருக்கு வயது ஐம்பத்துமூன்று. பிறர் ஓய்வை எண்ணத் தொடங்கும் பருவத்தில் அவர் ஒன்றாம் தாளிலிருந்து தொடங்கினார். 1914இல் ஆர்னால்டு மரப்பூங்காவுக்காக வடகோடியில் யூகான் பகுதி வரை சென்று செடிகள் திரட்டினார். கோல்டன் கேட் பூங்காவில் 1916இல் கழகத்தின் புதிய அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. அங்குப் பொதுமக்கள் காணும்படி அன்றலர்ந்த மலர்களைப் பெயர்ச் சீட்டுடன் காட்சிக்கு வைக்கும் வழக்கத்தை நடத்தி வந்தார். தோட்டக்காரரும் மாணவரும் செடியைக் கையிலேந்தி வந்து பெயர் கேட்டுச் செல்வர்.

1932இல் உதவியாளர் ஜான் தாமஸ் ஹோவெலுடன் சேர்ந்து மேற்குப் பகுதித் தாவரவியலுக்கென ஓர் இதழைத் தொடங்கினார். அவர் மறைந்த பின்னும் 1966 வரை ஹோவெல் அதனை நடத்தினார். முந்நூறுக்கும் மேற்பட்ட கட்டுரைகள் அவர் பெயரில் உள்ளன. சூரியகாந்திக் குடும்பத்தின் ஈஸ்ட்வுடியா, ஃபிளாக்ஸ் குடும்பத்தின் அலிசியெல்லா ஆகிய இரு பேரினங்கள் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றன. 1949இல், தொண்ணூறாம் வயதில் ஓய்வு பெற்றபோது தொகுப்பில் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட தாள்கள் இருந்தன. தீயில் அழிந்ததைவிட அவர் மீண்டும் திரட்டியது பன்மடங்கு.

அவர் முடிபுகள் யாவும் நிலைத்தன என்று கூறுவதற்கில்லை. தனிச் சிற்றினங்களாக அவர் கண்ட சிலவற்றைப் பின்வந்தோர் வேறு சிற்றினங்களோடு சேர்த்துவிட்டனர். அவ்வாறு சேர்த்தவர்களும் அவர் காத்து வைத்த வகைமாதிரிகளை எடுத்துப் பார்த்தே தம் முடிவுக்கு வந்தனர். தம் கருத்தை மறுப்போர்க்கும் சான்றைக் குறைவின்றிப் பேணித் தருவதே காப்பாளரின் அறம்.

வகைமாதிரிகளை இழந்தால் நேர்வது யாது என்பதற்கு மற்றொரு நகரம் சான்று. 1943 மார்ச் முதல் நாள் இரவு பெர்லின் மீது வீழ்ந்த குண்டுகளால் அந்நகரின் தாவரகம் தீப்பற்றியது. ஏறத்தாழ நாற்பது இலட்சம் தாள்கள் கொண்டிருந்த அத்தொகுப்பின் பெரும்பகுதி அழிந்தது. அவற்றுள் உலகின் பல நிலப்பகுதிகளுக்குரிய வகைமாதிரிகள் அடங்கும். அப்பெயர்களுக்கு மாற்றுச் சான்று தேடும் வேலையில் தாவரவியலார் இன்றும் ஈடுபட்டுள்ளனர்.

நிறைவாக

1950இல் ஸ்வீடன் நாட்டு ஸ்டாக்ஹோமில் நடைபெற்ற ஏழாம் அனைத்துலகத் தாவரவியல் பேரவை ஈஸ்ட்வுட் அம்மையாரை மதிப்புறு தலைவராக அழைத்துச் சிறப்பித்தது. தொண்ணூற்றோராம் வயதில் வானூர்தியில் சென்றார். தாவரங்களுக்கு இருசொற் பெயரிடும் முறையை நிலைநிறுத்திய லின்னேயஸ் அமர்ந்த நாற்காலியில் அவரை அமரச் செய்தனர். பட்டம் பெறாத பள்ளி ஆசிரியை ஒருவருக்குப் பெயர்களின் தந்தை எனத்தக்கவர் இருக்கையைத் தந்தது அறிவுலகம். 1953 அக்டோபர் 30ஆம் நாள் அவர் சான்பிரான்சிஸ்கோவில் மறைந்தார்.

கழகம் அதன்பின்னும் சோதனைகளைக் கண்டது. 1989ஆம் ஆண்டு நிலநடுக்கம் அதன் கட்டடங்களைச் சேதப்படுத்தியது. 2008இல் புதிய கட்டடம் திறக்கப்பட்டது. இன்று அத்தாவரகத்தில் இருபது இலட்சத்துக்கும் மேற்பட்ட தாள்கள் உள்ளன.

இலக்கியம் பேணுவோர் இவ்வரலாற்றிலிருந்து கொள்ளத்தக்கது ஒன்றுண்டு. ஏடுகளையும் கடிதங்களையும் முதற்பதிப்புகளையும் சேர்த்து வைத்திருப்போர் எங்கும் உளர். அவற்றுள் வேறெங்கும் கிடைக்காதது எது என்று பிரித்து வைத்திருப்போர் மிகச் சிலர். தீ வந்தபின் அவ்வினாவை எழுப்புவது வீண். ஏறுவதற்கு இரும்புக் கம்பியும் உடன் வர நண்பரும் கிடைப்பது நற்பேறு. எந்த அலமாரியைத் திறப்பது என்பதை முன்னமே அறிந்திருப்பது உழைப்பு. அவ்வுழைப்பைப் பாராட்ட அன்று ஒருவரும் இருந்திலர். ஆறாம் தளத்தில், எவரும் பாராத ஒரு வேலை நாளில், ஈஸ்ட்வுட் அம்மையார் ஒவ்வொரு தாளாக எடுத்துச் சீட்டைப் படித்து, நூலோடு ஒப்பிட்டு, தனி அலமாரியில் வைத்துக்கொண்டிருந்தார்.